நர்சுகள் ஏன் விமானம் ஏறுகிறார்கள்? வெளிநாட்டு மோகம் இல்லை... வீட்டுக் கடன் கணக்கு!

நாகர்கோவில்:
குமரி மாவட்டத்தில் நர்சிங் முடித்த பெண்களிடம் 'அடுத்து என்ன?' என்று கேட்டால் சவுதி, குவைத், ஜெர்மனி என்று பதில் வருகிறது. ஊரில் ஆஸ்பத்திரிக்கும் பஞ்சமில்லை, நோயாளிக்கும் பஞ்சமில்லை. பிறகு ஏன் இந்த ஓட்டம்? 'வெளிநாட்டு மோகம்' என்பது பாதி கூட உண்மை இல்லை. எல்லாம் காசு கணக்குதான்.

வட்டிக்கே பத்தாத சம்பளம்

தனியார் கல்லூரியில் 4 வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படிக்க பல குடும்பங்கள் பேங்கில் கடன் வாங்குகின்றன. நகையும் அடகுக்குப் போகிறது. படிப்பு முடிந்து சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் வாங்குற சம்பளம் வட்டிக்கே பத்தலை.

சின்ன ஆஸ்பத்திரியாக இருந்தாலும் நர்சுக்கு மாசம் 20 ஆயிரம் ரூபாயாவது தரணும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி அமைந்த நிபுணர் குழு 2016-ல் சொன்னது. நர்சுகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு கேரள அரசு 2018-ல் அதற்கு ஆணை போட்டது. பல மாநிலங்களில் அது இன்னும் பேப்பரில்தான் இருக்கிறது.

அரசு வேலையும் ஒப்பந்தம்தான்

தமிழக அரசு 2015-ல் ஒப்பந்த முறையில் எடுத்த நர்சுகளுக்கு மாசம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகுதான் சம்பளம் ஏறியது. கொரோனா நேரத்தில் உயிரைப் பணயம் வைத்த 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்சுகளின் பணி 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு முடிக்கப்பட்டது.

குண்டு விழுந்தாலும்...

2014-ல் ஈராக்கின் திக்ரித் நகரில் தீவிரவாதிகள் பிடியில் சிக்கி 46 இந்திய நர்சுகள் மீண்டு வந்தார்கள். அதில் ஒருவர் தூத்துக்குடிக்காரர், மற்றவர்கள் கேரளத்துப் பெண்கள். ஆபத்தான நாடு என்று தெரிந்தும் பலரைப் போக வைத்தது கல்விக் கடன்தான்.

இந்த அவசரத்தை ஏஜெண்டுகள் காசாக்கினார்கள். 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19½ லட்சம் கறந்ததாக 2015-ல் கொச்சி ஏஜென்சி மீது சி.பி.ஐ. வழக்கு போட்டது. அதே ஆண்டு, வளைகுடா உள்பட 18 நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் மூலமே அனுப்பணும் என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இதைச் செய்கிறது. ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன் இங்கே விசாரிப்பது நல்லது.

யாருக்கு நஷ்டம்?

2023-ல் உலகம் முழுக்க 58 லட்சம் நர்சுகள் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் முதியோர் பெருகுவதால் அங்கே கிராக்கி அதிகம். அனுபவசாலி நர்ஸ் ஒருவர் கிளம்பினால் நம்மூர் வார்டில் ராத்திரி டியூட்டிக்கு ஒரு கை குறைகிறது. அந்த சுமை மிச்சம் இருப்பவர் தலையில் விழுகிறது. அவரும் பாஸ்போர்ட் எடுக்கிறார்.

போகிறவர்களை குறை சொல்லிப் பயனில்லை. 20 ஆயிரம் சம்பளமும் நிரந்தர வேலையும் கிடைத்தால் பாதிப் பேராவது பெத்தவங்க பக்கத்திலேயே இருந்துவிடுவார்கள்.