சாபம் என்று சொல்லாதிருங்கள்



வெயில் பட்டால் புறங்கையில் கொப்புளம் எழும்புகிறது. சற்றே உராய்ந்தாலும் தோல் உரிகிறது. தகப்பனுக்கும் இப்படியே இருந்தது, மகனுக்கும் இருக்கிறது. இத்தகைய குடும்பத்தைக் கண்டவுடன் "முற்பிதாக்களின் சாபம்" என்று சொல்லிவிடுகிறோம். அச்சொல்லைச் சபை கைவிட வேண்டும்.

இவ்வியாதிக்குப் போர்பிரியா என்று பெயர். அதில் பல வகைகள் உண்டு. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீம் என்னும் பொருளை நம் சரீரம் 8 நொதிகளைக் கொண்டு படிப்படியாக உண்டாக்குகிறது. அவற்றுள் ஒன்று குறைவுபட்டால், முழுமை பெறாத போர்பிரின்கள் தேங்கிவிடுகின்றன. தோலில் தேங்கியவற்றின்மேல் சூரிய ஒளி படும்போது கொப்புளம் உண்டாகிறது.

தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரில் பணியாற்றிய மருத்துவர் ஜெஃப்ரி டீன், இவ்வியாதியின் ஒரு வகையைக் கொண்ட குடும்பங்களின் வம்ச வரலாற்றை ஆராய்ந்தார். 1688-இல் கேப் பகுதியில் மணம் புரிந்த ஒரு டச்சுத் தம்பதியரிடம் அது போய்ச் சேர்ந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இவ்வாறு அது ஆயிரக்கணக்கான சந்ததியாரிடம் பரவியது. ஆயினும் அவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாகப் பெருந்தீங்கின்றி வாழ்ந்தனர். 20-ஆம் நூற்றாண்டில் பார்பிட்யூரேட், சல்ஃபா மருந்துகள் வந்தபோதுதான் ஆபத்து பெருகிற்று. அவற்றை உட்கொண்ட சிலர் கடும் வயிற்றுவலியும் கைகால் செயலிழப்பும் கண்டு மரித்தனர். மருத்துவர் முன்னமே அறிந்திருந்தால் அம்மருந்துகளைத் தவிர்த்திருப்பார்.

நாம் அஞ்ச வேண்டியது இதற்கே. சாபம் என்னும் சொல் குடும்பத்தை வாய் மூடச் செய்கிறது. மகளின் திருமணம் தடைப்படுமோ என்று தாய் மறைக்கிறாள். மறைக்கப்பட்ட செய்தி அறுவை சிகிச்சை அறையில் மயக்கமருந்து கொடுப்பவருக்கும் எட்டுவதில்லை.

பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிப்பதாக யாத்திராகமத்தில் இல்லையா என்று சிலர் கேட்கலாம். எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். பிறவிக்குருடனைக் குறித்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவன்மேலும் அவன் பெற்றோர்மேலும் கர்த்தர் குற்றம் சுமத்தவில்லை. அவர் சுமத்தாததை நாம் சுமத்தலாமா?

இவ்வியாதி உள்ளவருக்காக ஜெபியுங்கள். ஆராதனையில் வெயில் விழும் ஜன்னலோரத்தை விட்டு நிழலில் இடம் கொடுங்கள். ஜன்னல் கண்ணாடி அவ்வொளியை முழுவதும் தடுப்பதில்லை. எந்த மருந்துக்கும் முன்னே மருத்துவரிடம் தம் குடும்ப வரலாற்றைச் சொல்லும்படி அவரைத் திடப்படுத்துங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.