ஏரியைக் காக்கும் ஊரில் சேரி உண்டா?

"ஏரிகளை ஊர்மக்களே காக்கட்டும்." சூழலியல் மேடைகளில் இன்று அடிக்கடி கேட்கும் முழக்கம் இது. நமக்கும் உடன்பாடுதான். ஆனால் ஊர் என்றால் யார்?

தமிழகத்தில் ஊர் வேறு, சேரி வேறு. மதகைத் திறந்து, வாய்க்கால் வெட்டி, வயல் வயலாக நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளில் பலர் தலித்துகள். ஏரியைக் கையால் அறிந்தவர்கள். அந்த ஏரிப் பாசனத்தில் அவர்களில் எத்தனை பேருக்குச் சொந்த நிலம் இருந்தது?

நகரத்திலும் இதே கதைதான். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அதில் குப்பை கொட்டியது மாநகராட்சி. அதன்மேல் சாலையும் கட்டடங்களும் வந்தது அரசின் அனுமதியோடு. ஆனால் 2015 வெள்ளத்துக்குப் பின் 'ஆக்கிரமிப்பாளர்' பட்டம் யாருக்கு? அடையாறு, கூவம் கரைக் குடிசைகளுக்கு. அகற்றப்பட்டவர்களில் ஏராளமானோர் தலித்துகள். அவர்களைக் குடியேற்றிய இடம் பெரும்பாக்கம். அதே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம்! வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, வெள்ளம் தேங்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்ததற்குப் பெயர் சூழல் பாதுகாப்பா?

"முதலில் ஏரியைக் காப்போம், சாதியைப் பிறகு பேசலாம்" என்கிறார்கள் சில நண்பர்கள். மகாத் நகராட்சி 1924இலேயே சவுதார் குளத்தை எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. தலித்துகள் அங்கே நீர் அள்ளிக் குடிக்க, 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு போக வேண்டியிருந்தது. பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். 'பொது' என்று காகிதத்தில் எழுதினால் மட்டும் பொதுவாகிவிடாது.

இது ஏரிக்கும் நல்லதல்ல. நாலு பெரிய வீடுகளின் பிடியில் இருக்கும் ஏரியை, அந்த நாலு வீடுகளிடம் பேசி முடித்தே பட்டா போட்டுவிடலாம். சேரிக்கும் உரிமையுள்ள ஏரியை அப்படி விற்க முடியாது. எதிர்த்து நிற்க ஆள் இருக்கும்.

தோழர்களே, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கிராமசபை கூடும். 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஏரியின் பரப்பு அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு? மீன்பாசி குத்தகை யாரிடம்? பாதுகாப்புக் குழுவில் சேரிப் பெண்கள் எத்தனை பேர்? கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். எழுதும்வரை எழுந்து வராதீர்கள்.