ஆரைப் பார்க்கப் போறியள்?



விசுவமடுவில் எங்கள் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகும் ஓர் அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. அவருக்கு வலக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009 தை மாதம் இடம்பெயர்ந்து போகும் வழியில் செல் விழுந்து போனது.

"காலைக் கொழுவ ஏலாமல் கிடக்குது தங்கச்சி. உள்ளுக்கு இறுக்கித் தோல் உரியுது. கால் பழசாப் போச்சுதாக்கும்" என்றார்.

கால் பழசாகவில்லை. அக்காவின் நிறை பதினொரு கிலோ கூடியிருந்தது. செயற்கைக் காலின் மேற்குழி அளவெடுத்துச் செய்தது. உடம்பு பருத்தால் மிச்சக் காலும் பருக்கும், குழி பருக்காது.

முன்பு விசுவமடுவில் மிளகாய்த் தோட்டத்தில் விடியத் தொடங்கிப் பொழுதுபடும் வரை குனிந்து நிமிர்ந்தவர்கள் இன்று தையல் மெசினுக்கு முன்னால் இருக்கிறார்கள். செட்டிகுளம் முகாமில் நிவாரணமாகத் தந்த கோதுமை மாவும் சீனியும் முகாமை விட்டு வந்த பிறகும் பல குசினிகளில் நிலைத்துவிட்டன. இதைச் சோம்பல் என்று சொல்பவர்களோடு எனக்குக் கோபம்.

நாட்டில் 2005-2006இல் சலரோகம் பற்றி எடுத்த பெரிய ஆய்வில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. அந்தக் கணக்கில் நாங்கள் இல்லை. ஆனால் நோய் எங்களை விட்டுவைக்கவில்லை. வீட்டில் தராசு இல்லாவிட்டால் தையல் நாடாவை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு 80 சென்ரி மீற்றரைத் தாண்டினால் கவனம் தேவை.

அக்காவோடு இருந்து கணக்குப் பார்த்தேன். நாளுக்கு ஆறு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சீனி தேத்தண்ணியில் மட்டும்! இரண்டு கரண்டியை ஒன்றாக்கினோம். (பனங்கட்டியும் இனிப்புத்தான், கடிப்பதானால் ஒரு கடி.) குரக்கன் புட்டு நல்லது என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் பயனில்லை. கோப்பையில் பாதிக்கு முருங்கையிலை வறையோ பொன்னாங்காணியோ மரக்கறியோ இருக்கட்டும்.

பெரிய சிக்கல் பிள்ளைகள் மிச்சம் விடும் சோறு. முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவருக்குச் சோற்றைக் கொட்ட மனம் வராது. அக்காவும் கொட்டமாட்டார், தானே சாப்பிட்டு முடிப்பார். கொட்டுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. உலையில் போடும்போதே அரைச் சுண்டு அரிசியைக் குறையுங்கள் என்றேன்.

நடப்பதற்கு முதல் புண் ஆற வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிறுவனத்துக்குப் போய்க் காலின் அளவைச் சரிசெய்துகொண்டு வந்தோம். அதன் பிறகுதான் நடைப் பேச்சை எடுத்தேன். அக்கா சிரித்தார்.

"புருசன் இல்லாதவள் விடியக்காலமை வெளிக்கிட்டு நடந்தால், ஆரைப் பார்க்கப் போறாள் எண்டெல்லோ சனம் கேக்கும்!"

பல்கலைக்கழகத்தில் 'சமூகக் கட்டுப்பாடு' என்று ஒரு பாடம் படித்தேன். அது காலை ஐந்தரை மணிக்கு வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் என்று அங்கே சொல்லித் தரவில்லை.

சென்னையில் வைத்தியர் ராமச்சந்திரன் குழுவினர் சலரோகம் வரக்கூடிய நிலையில் இருந்தவர்களை நாளுக்கு அரை மணி நேரம் நடக்கவும் சாப்பாட்டைத் திருத்தவும் வைத்தார்கள். நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது என்று 2006இல் வெளியிட்டார்கள். செலவில்லாத மருந்து. ஆனால் எங்கள் ஒழுங்கையில் அதற்குத் துணை வேண்டியிருக்கிறது.

ஆகவே மூன்று பேராகத் தொடங்கினோம். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் டிப்பர்கள் ஓடுவதால் உள் ஒழுங்கைகளில்தான் நடை. நாய்களுக்கு ஒரு தடி. முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு பதினைந்து. வீடு வந்ததும் அக்கா காலைக் கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார், சிவந்திருந்தால் அடுத்த நாள் ஓய்வு. சலரோகத்துக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மடியில் ஓர் இனிப்பும் இருக்கட்டும்.

நான்கு மாதத்தில் அக்காவுக்கு மூன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. போன கிழமை வேலிக்குள் நின்ற ஓர் அம்மா கேட்டே விட்டார்: "விடியவெள்ளன ஆரைப் பார்க்கப் போறியள்?"

"உங்களைத்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு வாங்கோ" என்றார் அக்கா.

அந்த அம்மா இன்னும் வரவில்லை. அவரின் மருமகள் வருகிறாள்.