அளவுகோல் யார் கையில்?

குஜராத்தில் தோலேரா என்னுமிடத்தில் சிலிக்கன் சில்லு ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. முதலீடு 91,000 கோடி ரூபாய் என்றார்கள். இத்தொழிலை வளர்ப்பதற்கென மத்திய சர்க்கார் 2021 டிசம்பரிலேயே 76,000 கோடி ரூபாய்த் திட்டமொன்றை அங்கீகரித்திருந்தனர். இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், ஆலையைப் பற்றிப் பேசுவோர் அளவையைப் பற்றிப் பேசக் காணோம்.

300 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிலிக்கன் தகட்டின்மீது படலத்தின்மேல் படலமாக, நூற்றுக்கணக்கான படிகளில் சில்லு உருவாகிறது. சில படலங்களின் கனம் இரண்டு மூன்று நானோமீட்டரே. தலைமயிரின் பருமனோ சுமார் 80,000 நானோமீட்டர். மெருகிட்ட தகட்டில் மேடு மிஞ்சினால் அடுத்து ஒளியால் வரையும் கோடு மங்கிப்போகும். கடைசிப் பரிசோதனையில் பிழை தெரியவந்தால் வாரக்கணக்கான உழைப்பு வீண். ஆதலால் இடையிடையே பரப்பை அளந்து, அவ்வளவைக்கொண்டே அடுத்த படியைத் திருத்துகிறார்கள்.

இதற்குதவும் கருவிகளுள் ஒன்று, பின்னிக், குவேட், கெர்பர் என்னும் மூவர் 1986-இல் வெளியிட்ட அணுவிசை நுண்ணோக்கி. நுண்ணோக்கி என்று பெயரே தவிர, அது பார்ப்பதில்லை. இருட்டில் கோல்கொண்டு தடவி நடப்பவனைப்போல் தடவியறிகிறது. மெல்லிய தண்டின் நுனியிலுள்ள ஊசி பரப்பின்மீது ஊர்கிறது; தண்டின் அசைவை லேசர் ஒளி காட்டிக்கொடுக்கிறது. ஊசி தேய்ந்தாலோ சாட்சி பொய்த்துப்போம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய, உயரம் முன்னமே நிச்சயிக்கப்பட்ட மாதிரித் தகடு வேண்டும். அந்த மாதிரிக்கு ஒரு தேசிய அளவைக்கூடத்தின் உறுதி வேண்டும்.

அமெரிக்கர் 2022-இல் சில்லுத் தொழிலுக்குச் சட்டம் இயற்றியபின், தங்கள் தேசிய அளவைக்கூடத்தில் இவ்வளவைக்கென்றே தனித்திட்டம் வகுத்தனர். நமக்கும் டில்லியில் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதன் முதல் டைரக்டர், வத்திராயிருப்பிற் பிறந்த ஸ்ரீ கே. எஸ். கிருஷ்ணன்.

யந்திரத்தோடு அளவுகருவியையும் பிறநாட்டில் வாங்கிக்கொள்ளலாமே என்பர் சிலர். இன்று வாங்கவேண்டாமென்று நாமும் சொல்லவில்லை. ஆனால் யந்திரத்தை விற்றவனே அளந்து, விற்றவனே சான்றும் தருவானாயின், சரக்குக் கெட்டவிடத்துக் குற்றம் யந்திரத்தினுடையதா, நம் தொழிலாளியினுடையதா என்று தீர்ப்பது யார்? நம் கையில் ஆதாரமேது?

மாதிரித் தகடுகள் இங்கேயே செய்யப்படவேண்டும். நமது பௌதிகப் பட்டதாரிகள் தேய்ந்த ஊசியை மாற்றுவதோடு நில்லாமல் ஊசி செய்யவும் பழகவேண்டும். 76,000 கோடியில் இப்பணிக்கு ஒதுக்கப்பட்டது எவ்வளவு என்று நம் பிரதிநிதிகள் பார்லிமெண்டில் சர்க்காரைக் கேட்பார்களாக.