நமுத்துப்போன தோட்டா

தேவிகாபுரத்துப் பட்டு நெசவாளரைக் கேட்டால், மழையைப் போன்ற பகை தொழிலுக்கு வேறில்லை என்பார். வானம் மூடினால் தெருவிலே பாவு விரிக்க இயலாது. இழைக்குப் பகையான அவ்வீரமே வெடிமருந்துக்கும் பகை.

அவ்வூருக்கு அருகிலுள்ள ஆரணியில் 1751 டிசம்பரில் கிளைவ் ராஜா சாகிப்பின் சேனையோடு பொருதபோது, ஆங்கிலச் சிப்பாய் ஏந்தியது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. கல் உருக்கில் மோதிப் பொறி பறக்க வேண்டும். பொறி கிண்ணத்து மருந்தில் விழ வேண்டும். அத்தீ துளை வழியே குழாய்க்குள் புக வேண்டும். ஒன்று தவறினும் துப்பாக்கி ஊமையே.

1757 ஜூன் 23-ஆம் நாள் பிளாசியில் மழை கொட்டிற்று. ஆங்கிலேயர் தம் மருந்தைக் கித்தானால் மூடினர். நவாபின் மருந்து நனைந்தது. எதிரியின் பீரங்கிகளும் ஓய்ந்தன என்றெண்ணிப் பாய்ந்த மீர் மதன் களத்தில் மாண்டார். மீர் ஜாபரின் துரோகத்தை நாம் மறக்கவில்லை; அந்தக் கித்தானையும் மறத்தலாகாது.

இக்குறைக்கு மாற்றுக் கண்டவர் ஸ்காத்லாந்துப் பாதிரியார் அலெக்ஸாந்தர் பார்ஸைத். வேட்டைப் பிரியரான அவர், கல்லின்றி அடியினாலேயே வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். 1834-இல் உல்விச்சில் இரு வகையிலும் ஆறாயிரம் முறை சுட்டுப் பார்த்தனர். கல் துப்பாக்கி 922 முறை பொய்த்தது. புதியது 36 முறையே பொய்த்தது.

இன்றைய தோட்டாவின் அடியில் அமைந்த சிறு உலோகக் கிண்ணம் அதன் வழித்தோன்றலே. ஊசி குத்தியதும் உள்ளிருக்கும் மருந்து சிறு பட்டடைமேல் நசுங்கித் தீக் கக்கும். சுட்ட பித்தளைக் கூட்டைக் கையால் மீண்டும் நிரப்பும் நாடுகளில், அது பொய்ப்பதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. கிண்ணம் அடிவரை உட்காராவிடில், ஊசியின் விசை அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். எண்ணெயோ ஈரமோ பட்டால் மருந்து கெடும். வில் தளர்ந்தால் அடி மெலியும். கிண்ணத்துத் தழும்பு ஆழமின்றிக் காட்டிக்கொடுக்கும். நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம்.

ஆயினும் இதில் ஒரு பாடம் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது. பொய்த்த தோட்டா யாவும் செத்த தோட்டா அல்ல. சில வேளை தீ உள்ளே கனன்று, சற்றுத் தாமதித்து வெடிக்கும். ஆதலால் பழகியவர், துப்பாக்கியின் வாயை ஆளில்லாத் திசையிலேயே வைத்து, அரை நிமிடமேனும் காத்திருந்த பின்னரே திறப்பர்.

ஐப்பசி மழையில் நமுத்த பட்டாசும் இவ்வாறே. திரி அணைந்ததென்று குனிந்து ஊதும் குழந்தையின் முகத்திலேயே அது வெடிக்கக்கூடும். அருகே செல்லாதீர், மீண்டும் கொளுத்தாதீர். நெடுநேரம் பொறுத்து, எட்ட நின்று ஒரு வாளி நீரை ஊற்றுங்கள். ஒரு பட்டாசு வீணானால் சில காசுகளே நஷ்டம். கண் போனால் எந்தக் கடையில் வாங்குவது?