எத்தனை நாள் வராவிட்டால் முதலாளி பொறுப்பார்?

ஒரு தொழிலாளி வருஷத்தில் எத்தனை நாள் வேலைக்கு வராமலிருந்தால் முதலாளி பொறுத்துக் கொள்ளுவார் என்னும் கேள்வி இன்று நமது நாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் கேட்கப்பட்டு வருகின்றது. ஒலக்கூரிலிருந்து நம்மைப் பார்க்க வந்த ஒரு தோழரும் இதையே கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை மற்றத் தோழர்களும் அறிய வேண்டியே இதை எழுதுகின்றோம்.

ஒலக்கூர் திண்டிவனத்திற்கு வடக்கே ரயில் பாதையில் உள்ள ஊர். முன் தலைமுறையார் நெல்லும் மல்லாட்டையும் பயிரிட்டும், பிறர் நிலத்தில் படியாளாக இருந்தும் ஜீவித்தார்கள். இன்றைய வாலிபர்களில் பலர் விடிவதற்கு முன்பே எழுந்து, ரயிலிலோ கம்பெனி பஸ்ஸிலோ ஏறி, செங்கல்பட்டுப் பக்கமுள்ள தொழிற்சாலைகளுக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகின்றார்கள். நம்மைப் பார்க்க வந்த தோழர் அவர்களில் ஒருவர். ஒரு தொழிற்சாலையில் கண்டிராக்டர் மூலம் 6 வருஷமாக வேலை செய்து வந்தவர்.

அவருடைய குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, தாய் இரவிலும் தகப்பன் பகலிலுமாகக் காத்திருந்தார்கள். முதல் நாளே சூப்பர்வைசருக்குப் போன் செய்து சொன்னார். அவரும் சரி என்றார். 9 நாள் கழித்துக் குழந்தை பிழைத்து வீடு வந்தது. 10-ம் நாள் தோழர் வேலைக்குப் போய் வாயிலில் விரல் வைத்தால் மிஷின் ஏற்கவில்லை. ஆறு வருஷம் விரல் வைத்த மிஷின் ஒன்பது நாளில் அந்த விரலை மறந்துவிட்டது! கண்டிராக்டரின் ஆளைக் கேட்டதற்கு, "நீயாகவே வேலையை விட்டுப் போய்விட்டதாக எழுதியாகிவிட்டது" என்றாராம்.

நிற்க, அதே பகுதியில் வேலை செய்கின்ற சிலர் அமாவாசை தவறாமல் மேல்மலையனூருக்குப் போகின்றவர்கள். போகின்ற நாளும் திரும்பி வந்து தூங்குகின்ற நாளும் வேலைக்கு வருவதில்லை. அவர்கள் மறுநாள் வரும்போது அதே சூப்பர்வைசர் கை நீட்டி எலுமிச்சம்பழம் வாங்கிக் கொள்ளுகின்றாராம். அவர்களையெல்லாம் வேலையை விட்டுப் போனவர்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. எழுத வேண்டுமென்றும் நாம் சொல்லவில்லை. ஒருவன் தன் லீவு நாளில் கோவிலுக்குப் போவதும் கூட்டத்திற்கு வருவதும் வீட்டில் படுத்திருப்பதும் அவனவன் சொந்த விஷயம். நாம் கேட்பதெல்லாம், கல் சாமியைப் பார்க்கப் போனவனுக்குப் பதிலாக வேறொருவனை நிறுத்தி வேலையை ஓட்ட முடிந்த தொழிற்சாலை, உயிருள்ள குழந்தையைப் பார்க்கப் போனவனால் மட்டும் எப்படி நின்றுபோய்விடும் என்பதுதான்.

இனி, சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவனுக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் லீவு கொடுத்தது. 2020-ல் செய்து 2025 நவம்பர் 21-ல் அமுலுக்குக் கொண்டுவந்த தொகுப்புச் சட்டம் அந்த 240-ஐ 180 ஆகக் குறைத்திருக்கின்றது. இது நல்லதுதான். ஆனால், 20-க்கு ஒன்று என்பது அப்படியே இருக்கின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்தில் 365 நாள். வார ஓய்வு 52. தமிழ்நாட்டில் 1958-ம் வருஷச் சட்டத்தின்படி தேசிய நாளும் பண்டிகை நாளும் சேர்ந்து 9. மீதி 304. ஒரு நாள்கூடத் தவறாமல் இந்த 304 நாளும் உழைத்தவனுக்குக் கிடைக்கக் கூடியது 15 நாள். கல்யாணம், கருமாதி, காய்ச்சல், பிள்ளைப்பேறு, ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம் எல்லாம் இந்தப் பதினைந்துக்குள் அடங்க வேண்டும்.

கடைச் சிப்பந்திகளுக்கு 1947-ம் வருஷச் சட்டம் சம்பள லீவு 12, நோய் லீவு 12, தற்செயல் லீவு 12, ஆக 36 நாள் எழுதி வைத்திருக்கின்றது. ஆனால் நமது சிறு பட்டணங்களில் ஜவுளிக் கடையிலோ மளிகைக் கடையிலோ நிற்கின்ற பையனிடம் போய் உனக்கு 36 நாள் லீவு உண்டு என்று சொன்னால், நம்மைப் பைத்தியக்காரர்கள் என்றல்லவா நினைப்பான்!

தொழிலாளிக்கு நோய் வந்தால் ஈ.எஸ்.ஐ. இருக்கின்றதே என்பார்கள். அதில் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 100-க்கு 70 கிடைப்பது மெய்தான். ஆனால் முதல் இரண்டு நாள் பொதுவாகக் கணக்கில் சேராது. அன்றியும், அது தொழிலாளி தானே நோயில் விழுந்தால் மாத்திரமே. அவன் குழந்தை விழுந்தால் வைத்தியம் உண்டு; பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்ற தகப்பனுக்குக் கூலி கிடையாது. நமது ஒலக்கூர்த் தோழர் விழுந்தது இந்தப் பள்ளத்தில்தான்.

இனி மேலே இருப்பவர்களைப் பாருங்கள். தமிழ்நாட்டு சர்க்கார் உத்தியோகஸ்தருக்குத் தற்செயல் லீவு 12 நாள், ஈட்டிய லீவு 30 நாள். மத்திய சர்க்கார் பெண் உத்தியோகஸ்தருக்குப் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளவென்றே உத்தியோகக் காலம் முழுவதற்குமாக 730 நாள். இவற்றைப் பிடுங்கிவிட வேண்டுமென்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். உத்தியோகஸ்தர் பிள்ளைக்கு வருகின்ற காய்ச்சலும் கூலிக்காரன் பிள்ளைக்கு வருகின்ற காய்ச்சலும் ஒரே காய்ச்சல்தானே? ஒன்றுக்கு 730 நாளும் மற்றொன்றுக்குச் சைபரும் என்றால் இது என்ன நியாயம்?

இதற்கு வேர் பழைய பழக்கத்தில் இருக்கின்றது. படியாள் ஒரு நாள் வராவிட்டால் ஆண்டைக்குக் கோபம் வரும். ஏன்? அவன் தன் உழைப்பை விற்றவனாகக் கருதப்படவில்லை. தன்னையே விற்றவனாகக் கருதப்பட்டான். இன்று வயல் தொழிற்சாலை ஆனது. ஆண்டை கம்பெனி ஆனார். காரியஸ்தர் கண்டிராக்டர் ஆனார். ஆனால், ஆள் நம்முடையவன் என்கின்ற எண்ணம் மட்டும் சாகவில்லை.

1918 ஏப்ரல் 27-ல் சென்னைப் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலத்தில், மில் தொழிலாளருடைய குறைகளில் ஒன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி போதவில்லை என்பது. சோறு தின்கின்ற நேரத்திற்கே போராட வேண்டியிருந்தது! 1931-ல் அறிக்கை கொடுத்த ராயல் கமிஷன், தொழிலாளிக்குக் கிராமத்தோடு உள்ள சம்பந்தத்தைக் குற்றமாக எண்ணாமல், குறிப்பிட்ட காலத்திற்கு லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பி, திரும்பி வந்தால் வேலை உண்டென்று உறுதி சொல்ல வேண்டும் என்று யோசனை கூறிற்று. வெள்ளைக்கார ஆட்சியில் உட்கார்ந்த கமிஷனுக்குத் தெரிந்த நியாயம் சுயராஜ்யக் கண்டிராக்டருக்குத் தெரியவில்லை. பிரெஞ்சு தேசத்தில் 1936-லேயே தொழிலாளிக்கு வருஷம் இரண்டு வாரம் சம்பள லீவு சட்டமாயிற்று. இன்று ஐரோப்பிய யூனியன் நாடுகளில் குறைந்தது நான்கு வாரம். அந்நாட்டுத் தொழிற்சாலைகள் மூடிப்போய்விட்டனவா?

முதலாளிமார் சொல்லுவதிலும் ஒரு நியாயம் இருக்கின்றது. ஒருவன் சொல்லாமல் நின்றுவிட்டால் வரிசை முழுவதும் தடைப்படுகின்றது. பக்கத்தில் நிற்கின்ற தோழன் இரண்டு பேர் வேலையைச் செய்ய நேருகின்றது. சம்பளம் வாங்கிய மறுநாள் குடித்துவிட்டுப் படுத்துக் கொள்ளுகின்றவர்களும் நம்மில் இல்லாமலில்லை. அவர்களுக்காக நாம் வாதாட வரவில்லை. ஆனால், மிஷினுக்கு எண்ணெய் போடவும் பழுது பார்க்கவும் முதலாளி தாமாகவே நாள் ஒதுக்குகின்றாரே, அதனால் நஷ்டம் என்கின்றாரா? நமது குடியானவன்கூட மாட்டுப் பொங்கலன்று ஏர் பூட்டுவதில்லை. மாட்டுக்கும் மிஷினுக்கும் ஓய்வு வேண்டும் என்று தெரிந்தவர்கள், நூறு பேர் வேலை செய்கின்ற இடத்தில் நாளொன்றுக்குச் சிலர் வர முடியாமல் போகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு மாற்று ஆட்களை வைப்பதல்லவா யோக்கியமான நிர்வாகம்?

"அப்படியானால் எத்தனை நாள்தான்?" என்று கேட்கலாம். நாளை மட்டும் எண்ணுவது தப்பு என்பதே நமது அபிப்பிராயம். 1946-ம் வருஷச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகள், லீவின்றி 10 நாளுக்கு மேல் வராமலிருப்பதைக் குற்றங்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தன. ஆனால் குற்றம் என்றால் விசாரணை வேண்டும். 1993-ல் டி. கே. யாதவ் என்பவர் வழக்கில், 8 நாளுக்கு மேல் வராததால் தானாகவே வேலை போயிற்று என்று கம்பெனி சொன்னதை சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. விசாரியாமல் நீக்கியது செல்லாது என்று கூறி, வேலையையும் பாதிச் சம்பளப் பாக்கியையும் கொடுக்கச் சொல்லிற்று. 2012-ல் மற்றொரு வழக்கில், வராமலிருந்தது வேண்டுமென்றே செய்ததா, வேறு வழியின்றி நேர்ந்ததா என்று பார்க்காமல் குற்றம் சாட்டக் கூடாது என்றும் அதே கோர்ட் சொல்லிற்று. ஆகவே, கேட்க வேண்டியது எத்தனை நாள் என்பதோடு நிற்காது. ஏன் வரவில்லை, சொன்னானா, விசாரித்தார்களா என்பனவே முக்கியம். காய்ச்சல் நிலையாணையைப் படித்துவிட்டு வருவதில்லை.

நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கிடைப்பது 15 நாள். வருஷத்தில் அமாவாசை 12-க்குக் குறையாது. பன்னிரண்டையும் மலையனூருக்குக் கொடுத்துவிட்டால் மீதி 3. பெண்டு பிள்ளைகளின் நோய்க்கும் சாவுக்கும் இந்த மூன்றா? இன்னும், ராகுகாலம் பார்த்து அரை நாள், திதி என்று ஒரு நாள், காவடி என்று நான்கு நாள் என்று செலவிட்டுவிட்டு, குழந்தை படுத்த அன்று லீவு இல்லையே என்று அழுவதில் பயன் என்ன? சாமி கணக்கில் எழுதிய லீவை எந்தச் சாமியும் திருப்பித் தரப்போவதில்லை.

அன்றியும், போனில் சொன்னேன் என்பது சாட்சிக்கு நிற்காது. வர முடியாத அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அதை அழிக்காமல் வைத்திருங்கள். நாள் நீண்டால் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதமும் டாக்டர் சர்டிபிகேட்டும் அனுப்பி நகல் வைத்துக் கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வேலையில்லை என்று வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பிறகு தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுச் செய்யுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாகச் சங்கத்தில் சேருங்கள். தனி ஆளின் விரலை மிஷின் மறக்கும். ஆயிரம் பேரின் விரலை மறக்காது.

குடும்பத்தார் நோய்க்கென்று தனி லீவு வேண்டும். நோயாளிக்கு வருகைப் போனஸ் பிடிக்கக் கூடாது. கண்டிராக்டர் ஆளுக்கும் லீவுக் கணக்கு எழுதிய அட்டை கையில் கொடுக்க வேண்டும். விசாரணையின்றி ஒருவர் பெயரையும் எடுக்கக் கூடாது. இந்த நான்கையும் தொழிலாளர் கேட்க வேண்டும். சர்க்கார் செய்ய வேண்டும்.

ஒலக்கூர்த் தோழர் தமது மனுவை எழுதிக் கொடுத்திருக்கின்றார். அவரைப் பார்த்து, "பேசாமல் இரண்டு நாள் வேலைக்குப் போய்க்கொண்டே குழந்தையைப் பார்த்திருக்கக் கூடாதா?" என்று ஊரில் சிலர் புத்தி சொல்லுகின்றார்களாம். பிள்ளை பிழைத்ததற்குத் தகப்பன் வெட்கப்பட வேண்டும் என்று சொல்லுகின்ற இந்தப் புத்தி முதலாளியின் புத்தி, நம்முடையதல்ல. அவர் செய்தது சரி என்று சொல்லவே இதை எழுதினோம்.