கையெழுத்துப் போடாதீங்க தோழர்களே!

2025 ஜூலை 11: நம்ம செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஊரே ஸ்டேட்டஸ் வைத்துக் கொண்டாடியது. அதே மாதக் கடைசியில் டிசிஎஸ் அறிவித்தது: ஊழியர்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேர் வீட்டுக்கு!

நஷ்டமா? ஏப்ரல்-ஜூன் மூணு மாச நிகர லாபம் மட்டும் 12,760 கோடி ரூபாய். அப்போ மந்தம் யாருக்கு?

மறைமலைநகரில் ஃபோர்டு மூடியபோது தொழிலாளர்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள், பேரம் பேசினார்கள், இழப்பீட்டைக் கூட்டி வாங்கினார்கள். ஐடியில் என்ன நடக்குது? ஒரு மீட்டிங் ரூம். எதிரே எச்ஆர். "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, இல்லன்னா ரிலீவிங் லெட்டர் கிடைக்காது." வீட்டுக்கடன் ஞாபகம் வரும், கை தானா கையெழுத்துப் போடும்.

சூதே அங்கதான். கம்பெனி அனுப்பினால் அது ஆட்குறைப்பு. ஒரு வருடம் முடித்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ், ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் தரணும், இது சட்டம். நீங்களே எழுதிக் கொடுத்தால் அது ராஜினாமா. இழப்பீடு பூஜ்யம்!

'ஐடிக்காரன் தொழிலாளியே இல்லை' என்று வாதாடுவார்கள். வாதாடட்டும். 2015 ஜனவரியில் ஒரு கர்ப்பிணி ஊழியர் சென்னை உயர் நீதிமன்றம் போய் டிசிஎஸ் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினார். ஐடியிலும் சங்கம் வைக்கலாம் என்று 2016இல் தமிழக அரசே தெளிவாச் சொல்லிடுச்சு. (இதை எந்த இன்டக்‌ஷன்லயும் சொல்ல மாட்டாங்க.)

திண்டிவனத்தில் பஸ் மாறி ஓஎம்ஆர் போன நம்ம பசங்க எத்தனை பேர்! அவங்க குரூப்ல இதைப் போடுங்க. எச்ஆர் கூப்பிட்டா, "மெயில்ல அனுப்புங்க, படிச்சிட்டுச் சொல்றேன்"னு எழுந்து வரச் சொல்லுங்க.